வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கான விமான நிலைய, இமிக்ரேஷன் வழிகாட்டி: கிளம்பும் முன்பே திரும்பும் வழியைப் பாருங்கள்

விமானப் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் சுற்றுலா போகிறவர்களை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. போகிற நாட்டுக்குள் விட்டால் போதும், அவர்கள் கவலை தீர்ந்தது. வேறொரு நாட்டில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடியிருப்பவர்களுக்கு அது பாதிக் கவலைதான். திரும்பி வரும்போது உள்ளே விட வேண்டுமே என்பது மீதிப் பாதி. வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என எல்லாமே அந்தக் குடியிருப்பு அனுமதியை நம்பித்தான் இருக்கின்றன.

சிக்கல் வெளியே தெரிவது திரும்பி வரும் நாளில். ஆனால் அது உண்டாவது பெரும்பாலும் கிளம்பும் நாளில், சில நேரம் டிக்கெட் எடுக்கும் நாளில். ஒரு படிவத்தில் டிக் அடிக்காமல் விட்டது, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விசாக் கணக்கில் மாற்றாமல் விட்டது, ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனது என்று காரணங்கள் சின்னதாகவே இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியைத் திரும்பும் வழியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்று பாருங்கள்

கையில் செல்லுபடியாகும் அட்டை இருக்கிறது, அதனால் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அட்டையின் காலாவதித் தேதி வேறு, வெளியே இருக்கக்கூடிய நாள் கணக்கு வேறு. இரண்டாவதை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரணக் குடியிருப்பு விசா வைத்திருப்பவர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், விசாவில் இன்னும் ஓராண்டு மிச்சமிருந்தாலும் அது செல்லாமல் போகும். நீண்டகாலக் கோல்டன் விசாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஜெர்மனியில் வழக்கமான குடியிருப்பு அனுமதிக்கு 6 மாதம் எல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பாளர் தகுதி பெற்றவருக்கு, ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் வரை விட்டுவைப்பார்கள். பிரிட்டனில் காலவரையற்ற அனுமதி பெற்றவர் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகவே காலாவதியாகிவிடும்.

அமெரிக்க கிரீன் கார்டுக்காரர்கள் ஓராண்டு என்ற எல்லையை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். அதற்கு மேல் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால், திரும்பி நுழைவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். வெளியே போய் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது. பெற்றோருக்கு உடம்பு சரியில்லை, எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை என்ற நிலையில் கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று: 180 நாளைத் தாண்டினாலே, திரும்பும்போது கேள்விகள் கூடும். வீடு, வேலை, வரிக் கணக்கு எல்லாம் அங்கேயே இருப்பதைக் காட்டும் தாள்கள் கையில் இருக்கட்டும்.

கனடாவில் கணக்கே வேறு மாதிரி. 5 ஆண்டில் 730 நாள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அதோடு, பி.ஆர். என்ற நிரந்தரவாசி அட்டை கையில் இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. வெளியே இருக்கும்போது அட்டை தொலைந்தாலோ காலாவதியானாலோ, ஒருமுறை உள்ளே வருவதற்கான தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசா தொடரும். ஆனால் அதோடு வரும் பயண உரிமை வழக்கமாக 5 ஆண்டுதான். அது முடிந்தபின் வெளியே போனால், திரும்பி வர ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா வேண்டும்.

ஜப்பானின் நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012 ஜூலையிலிருந்து அங்கே சிறப்பு மறுநுழைவு அனுமதி என்ற ஏற்பாடு இருக்கிறது. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் வைத்திருப்பவர், ஓராண்டுக்குள் திரும்பி வருவதாக இருந்தால் தனியாக எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியேறும்போது நிரப்பும் சின்ன அட்டையில், தற்காலிகமாக வெளியேறித் திரும்பி வருகிறேன் என்ற கட்டத்தில் டிக் அடித்து, குடியிருப்பு அட்டையோடு காட்ட வேண்டும். அந்த ஒரு டிக் விட்டுப்போனால் நாட்டைவிட்டே போய்விட்டதாகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது. அந்த ஓராண்டை வெளியிலிருந்து நீட்டிக்கவும் வழியில்லை. குடியிருப்பு அனுமதி அதற்கு முன்பே முடிகிறதென்றால் அந்தத் தேதிதான் எல்லை.

தாய்லாந்தில் தங்கும் காலத்தை நீட்டித்து வாழ்பவர்கள், வெளியே போகும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்காவிட்டால் அந்த நீட்டிப்பே ரத்தாகிவிடும். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே அதற்குக் கவுண்டர் இருக்கிறது, ஆனால் வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட் உயிர்நாடி மாதிரி. சவூதி அரேபியாவில் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா எடுத்துத்தான் கிளம்ப வேண்டும். அதன் கடைசித் தேதிக்குள் திரும்ப வேண்டும்.

உங்கள் நாடு இந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: தொடர்ந்து எத்தனை நாள் வெளியே இருக்கலாம்? மொத்தக் கணக்கு ஏதாவது உண்டா? கிளம்பும் முன் தனி அனுமதி வேண்டுமா? பதிலை அந்த நாட்டு இமிக்ரேஷன் துறையின் தளத்தில் படியுங்கள். நண்பர் போன வருடம் போய்வந்த அனுபவம் ஆறுதலுக்கு உதவும், அவருடைய விசா வகை வேறாக இருந்தால் வேறெதற்கும் உதவாது.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கிளம்பாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நஷ்டம் பெரியது. பிரிட்டனுக்குள் இருந்துகொண்டு விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும் முன் வெளியே போனால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கான தகுதி மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர், அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி இல்லாமல் வெளியேறினால் பொதுவாக விண்ணப்பத்தைக் கைவிட்டதாக அர்த்தம். எச்-1பி போன்ற சில விசாக்காரர்களுக்கு விலக்கு உண்டு. ஜெர்மனியில் நீட்டிப்புக்குக் காத்திருப்பவர்களுக்குத் தரும் தற்காலிகச் சான்றில், குடியிருப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் டிக் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அந்தத் தாளை வைத்துத் திரும்பி வர முடியாது. தாள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், டிக் அடித்த இடம்தான் வித்தியாசம்.

இரண்டாம் படி: பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதச் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கட்டும். குடியிருக்கிற நாடு அந்த 6 மாதத்தைக் கேட்காமல் போகலாம், ஆனால் வழியில் இறங்கும் நாடு கேட்கலாம். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் தேதி வேறு விதத்திலும் முக்கியம். விசா அனுமதி மூன்றாண்டு இருந்தாலும், பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிகிறதென்றால், எல்லையில் தங்கும் அனுமதியை அந்த எட்டு மாதத்தோடு வெட்டிவிடுவது சகஜம். நுழைந்த தேதியும் தங்கும் கடைசித் தேதியும் இருக்கும் ஐ-94 என்ற இணையப் பதிவைப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

பாஸ்போர்ட் புதுப்பித்தால் அடுத்த வேலை உடனே இருக்கிறது. பிரிட்டனில் 2024 டிசம்பர் 31-ஓடு பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு அட்டைகள் காலாவதியாகி, இ-விசா முறை வந்துவிட்டது. புதிய பாஸ்போர்ட் எண்ணை பிரிட்டன் விசாத் துறையின் உங்கள் இணையக் கணக்கில் (யு.கே.வி.ஐ.) சேர்க்காமல் பயணித்தால், செக்-இன் கவுண்டரில் உங்கள் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போது உங்களுக்கு அனுமதி இருப்பதாகவே கணினி காட்டாது. பழைய பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அந்த விசாவை ஒருபோதும் கிழித்து எடுத்துப் புதியதில் ஒட்டாதீர்கள், கிழித்த நிமிடமே அது செல்லாது.

இப்போது பெயர். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோ, அப்பா பெயரின் முதல் எழுத்தோ மட்டும் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய. உலகத்தின் விமானக் கணினிகள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. பாஸ்போர்ட்டைத் திறந்து புகைப்படப் பக்கத்தின் அடியில் பாருங்கள். அம்புக்குறி மாதிரிக் குறிகளோடு இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றும் 44 எழுத்து. எல்லா நாட்டு இயந்திரங்களும் படிப்பது அதைத்தான். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பது 39 இடம். நீளமான பெயர் அங்கே வெட்டுப்பட்டிருக்கலாம். முன்னால் வருவது குடும்பப்பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது முதற்பெயர். டிக்கெட்டில் இதே வரிசைதான் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரோ வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரோ வேண்டாம்.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்தின் விதியைப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லாதவர்களுக்கு எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை) என்று போட்டிருப்பார்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் வருகை விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது பலர் விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டார்கள். குடியிருப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. இருந்தாலும், குடும்பத்தினரை வருகை விசாவில் கூப்பிடும் முன் அவர்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்கிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பது என் கருத்து. ஆனால் அதைச் செய்தால் குடியிருப்பு அட்டை, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் மாற்ற வேண்டிவரும், பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: டிக்கெட், டிரான்சிட்

மலிவான டிக்கெட்டைத் தேடும்போது விமானம் எங்கே நிற்கிறது என்பதைப் பணத்தைவிட முக்கியமாகப் பாருங்கள். அமெரிக்காவில் டிரான்சிட் என்று தனியாக எதுவும் கிடையாது. அடுத்த விமானம் பிடிக்க வந்தாலும் இமிக்ரேஷன் கடக்க வேண்டும், அதற்கான விசா வேண்டும். ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்), விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே இலங்கை உட்பட 12 நாட்டுக் குடிமக்களுக்குப் பொதுவாக விமான நிலைய டிரான்சிட் விசா தேவை. அது போக, சில நாடுகள் தனித்தனியாக வேறு நாட்டவர்களையும் சேர்த்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடியிருப்பு அனுமதி அல்லது அமெரிக்க கிரீன் கார்டு போன்றவை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதாவது குடியிருப்பு அட்டை டிரான்சிட்டிலும் கை கொடுக்கும். ஆனால் அது கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துப் பயணம் போவதுதான் அதிகம் ஏமாற்றுவது. ஒரே டிக்கெட் என்றால் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊருக்கே போய்விடும். தனித்தனி என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இமிக்ரேஷனைக் கடந்து வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லையென்றால் முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

ஷெங்கனுக்குள் போகிறவர்கள், கால் வைக்கும் முதல் ஷெங்கன் விமான நிலையத்தில்தான் இமிக்ரேஷன் நடக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பிராங்க்பர்ட்டில் மாறி மாட்ரிட் போகிறீர்கள் என்றால் வரிசை பிராங்க்பர்ட்டில். ஒரு மணி நேர இடைவெளி அதற்குப் போதாது. அபுதாபி, டப்ளின் போன்ற சில இடங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷன் விமானம் ஏறும் முன்பே முடிந்துவிடும், அங்கேயும் நேரம் கூட வேண்டும்.

அப்புறம் நள்ளிரவு விமானங்கள். 15-ஆம் தேதி 00:30 மணி விமானத்துக்கு 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். விசாவின் கடைசி நாளில் கிளம்புகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. 14-ஆம் தேதியோடு அனுமதி முடிகிறவர், 00:30 விமானத்துக்கு நள்ளிரவு தாண்டி இமிக்ரேஷன் கவுண்டருக்குப் போனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியவர் ஆகிவிடுவார்.

நான்காம் படி: கிளம்பும் வாரத்தில்

சில நாடுகளில் வெளியேறவே அனுமதி தேவை. குவைத்தில் 2025 ஜூலை 1 முதல் தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர்கள், வேலை தருபவரின் ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வாங்கித்தான் கிளம்ப முடியும். போக்குவரத்து அபராதம் பாக்கியிருந்தால் அதையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வளைகுடா நாடுகள் பலவற்றில் கடன் பாக்கி, திரும்பிய காசோலை, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றால் பயணத் தடை விழலாம். அது இமிக்ரேஷன் கவுண்டரில் தெரியவருவது மிகக் கொடுமை. அரசுச் செயலியில் உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

வருகை அட்டைகள் இப்போது இணையத்துக்கு மாறிவிட்டன. தாய்லாந்து 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியது. மலேசியா, சிங்கப்பூரிலும் இப்படி உண்டு. மூன்றிலும் வருகைக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அங்கே குடியிருப்பவருக்கு விலக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறு. மூன்றுமே இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் தளம் பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, உடனே மூடுங்கள். பணத்தோடு பாஸ்போர்ட் விவரமும் சேர்ந்து போய்விடும்.

கைபேசி விஷயத்தில் பலர் கோட்டைவிடுவது ஓ.டி.பி. இ-விசாக் கணக்கு, அரசுச் செயலி, வங்கி எல்லாமே குடியிருக்கும் நாட்டு எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்பும். ஊருக்குப் போனதும் அந்த சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டால், திரும்பும் நாளில் விமான நிலையத்தில் கணக்குக்குள் நுழைய முடியாது. பழைய எண்ணைக் குறுஞ்செய்தி மட்டும் வரும்படி ரோமிங்கில் வைத்திருங்கள். அதோடு இ-விசா, டிக்கெட், குடியிருப்பு அட்டையின் இரு பக்கம், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட்டாகவும் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வைஃபையை நம்பி எதையும் விடக்கூடாது.

மருந்துகளை அவற்றின் அசல் உறையோடும், மருந்துச் சீட்டோடும் கொண்டுபோங்கள். கோடீன், டிராமடால் போன்றவை ஒரு நாட்டில் சாதாரண வலி மருந்து, இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அமீரகத்தில் அவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு நோய்க்குத் தரும் ஆம்பெட்டமின் கலந்த மருந்துகள் ஜப்பானில் அறவே கூடாது, மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும். யாரோ ஊரில் கொடுக்கச் சொல்லித் தந்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். முகம் முறிந்தாலும் பரவாயில்லை.

குழந்தைகளோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போகிறீர்கள் என்றால், மற்றவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். நம் பெயர் வழக்கத்தில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பொதுப் பெயர் இல்லாமல் போவதால், உறவை நிரூபிக்க அந்தச் சான்றிதழ்தான் துணை. வெளிநாட்டில் பிறந்த கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள், குடியிருப்பு அனுமதியும் வந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: செக்-இன் கவுண்டர்தான் முதல் எல்லை

உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால், அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு. பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுண்டர் ஊழியர் உங்களைக் கேள்வி கேட்பது தொந்தரவு செய்வதற்காக அல்ல. அவர் கணினியில் டிமாடிக் என்ற, சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வின் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். உங்கள் குடியுரிமை, குடியிருக்கும் நாடு, வழி, போகும் இடம் ஆகியவற்றைப் போட்டால் என்ன ஆவணம் வேண்டும் என்று அது சொல்லும். பல விமான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே அதைப் பயணிகள் பார்க்க வைத்திருக்கின்றன. கிளம்பும் முன் நீங்களே பார்த்துவிடலாம்.

கவுண்டரில் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டாதீர்கள். குடியிருப்பு அட்டையையும் சேர்த்தே கொடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தால், ஊழியரின் கண்ணுக்கு நீங்கள் விசா இல்லாத பயணி. திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார். உங்கள் அட்டையை அடையாளம் தெரியாத ஊழியர் இருக்கும் சிறு விமான நிலையங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்போது குரலை உயர்த்தாமல், மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள், டிமாடிக்கில் குடியிருப்பு அனுமதியைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், அதனால்தான் மூன்று மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்கிறேன்.

பாதுகாப்புச் சோதனையில் சொல்வதற்கு அதிகமில்லை. திரவம் 100 மில்லிலிட்டர் விதி இன்னும் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கூடாது. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட்-மணி. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பல இடங்களில் பிடுங்கிவிடுகிறார்கள்.

ஆறாம் படி: இமிக்ரேஷன் கவுண்டரில்

முதலில் சரியான வரிசை. கிரீன் கார்டுக்காரர்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் குடிமக்கள் வரிசையிலேயே நிற்கலாம். ஜப்பானில் மறுநுழைவுக்குத் தனி வரிசை இருக்கும். ஹாங்காங், சிங்கப்பூர், துபாய் போன்ற இடங்களில் குடியிருப்பவர்களுக்குத் தானியங்கி வாயில்கள் உண்டு. தெரியாவிட்டால் ஊழியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

ஷெங்கன் எல்லையில் ஒரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 12 முதல் இ.இ.எஸ். என்ற புதிய பதிவுமுறை தொடங்கி, ஸ்டாம்புக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்து, உங்களைச் சுற்றுலாப் பயணியாகப் பதிந்துவிட்டால், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற சுற்றுலாப் பயணிகளுக்கான கடிகாரம் உங்களுக்கும் ஓடத் தொடங்கும். அட்டையை முதலில் கொடுங்கள், இங்கே குடியிருக்கிறேன் என்று வாயாலும் சொல்லுங்கள்.

கேள்விகளுக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். என்ன வேலை என்றால் வேலையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும். எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்றால் தேதிகள். பதற்றத்தில் நிறையப் பேசுகிறவர்கள், கேட்காத ஒன்றைச் சொல்லி அடுத்த கேள்வியை வரவழைப்பார்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள், குத்துமதிப்பாக ஆம் என்று தலையாட்டாதீர்கள். தனி அறைக்கு அழைத்துப் போனால் அதற்காக நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. பெயர் ஒற்றுமையாலோ பதிவுக் குழப்பத்தாலோ அப்படி நடப்பது வழக்கம். படிக்காத தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். குடியிருப்பு உரிமையைத் தானே முன்வந்து விட்டுக்கொடுப்பதாக எழுதிய படிவங்களும் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

கைரேகை விழாமல் போவது பெரிய அவஸ்தை. சிமென்ட், சமையல், துப்புரவு வேலைகளில் விரல் நுனி தேய்ந்துவிடும். வயதானவர்களுக்கும் அப்படித்தான். விமானத்தின் காய்ந்த காற்றில் மணிக்கணக்கில் இருந்து வந்தால் இன்னும் மோசம். கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை நீளும், விரலை இன்னும் பலமாக அழுத்துவார்கள். அப்படி அழுத்தினால் ரேகை நசுங்கித்தான் போகும். வரிசையில் நிற்கும்போதே கொஞ்சம் கிரீம் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரலை மெதுவாகப் படுக்கவையுங்கள். வேலையால் ரேகை தேய்ந்திருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லுங்கள், பல இடங்களில் முகத்தையோ கண்ணையோ வைத்துச் சரிபார்ப்பார்கள்.

ஸ்டாம்ப் அடித்தால் கவுண்டரைவிட்டு நகரும் முன் தேதியையும் விசா வகையையும் பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே ஒரு நிமிட வேலை, வெளியே வந்துவிட்டால் வாரக்கணக்கில் அலைச்சல்.

ஏழாம் படி: பெட்டியும் கஸ்டம்ஸும்

பெட்டி வரவில்லையா, உடைந்து வந்ததா, அந்த இடத்தைவிட்டு வெளியே வரும் முன் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தைப் பதிந்து எண் வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) என 2024 டிசம்பர் 28 முதல் உயர்ந்திருக்கிறது. நகையையும் சான்றிதழ்களையும் பெட்டியில் போடாதீர்கள் என்பதற்கு அந்த உச்சவரம்பே காரணம்.

பணம் கொண்டுவந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவும் அதற்கு மேலும், அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் என்றால் சொல்லியாக வேண்டும். கொண்டுவருவது குற்றமில்லை, சொல்லாமல் கொண்டுவருவதுதான் குற்றம். ஆஸ்திரேலியாவில் உணவு, விதை, மரப்பொருள் எதுவாயினும் வருகை அட்டையில் ஆம் என்று குறியுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம்.

பயணத்தின் நடுவில் பாஸ்போர்ட் தொலைந்தால்

போலீஸ் புகார், அப்புறம் தூதரகம் என்பது எல்லாருக்கும் தெரியும். குடியிருப்பவர்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும். தூதரகம் தரும் அவசரப் பயண ஆவணம் பொதுவாக உங்களைச் சொந்த நாட்டுக்குத்தான் கொண்டுபோகும், குடியிருக்கும் நாட்டுக்கு அதை வைத்து நுழைய முடியாமல் போகலாம். நேரம் இருந்தால் முழுப் பாஸ்போர்ட்டையே கேளுங்கள். கிரீன் கார்டு தொலைந்தால் அமெரிக்கத் தூதரகத்தில் ஐ-131ஏ விண்ணப்பம் கொடுத்து விமானம் ஏறும் அனுமதி வாங்கலாம். வேலை தருபவருக்கும் உடனே எழுதுங்கள், அவர் கடிதம் தேவைப்படும்.

தொலைந்ததாகச் சொன்ன பாஸ்போர்ட் மறுநாள் சோபாவுக்கு அடியில் கிடைத்தாலும் அதில் பயணிக்காதீர்கள். அதன் எண் இன்டர்போலின் தொலைந்த ஆவணப் பட்டியலுக்குப் போயிருக்கும், எந்த நாட்டுக் கவுண்டரிலும் மாட்டும்.

வீடு வந்த பிறகு

அமெரிக்காவில் இருப்பவர்கள் அன்றே ஐ-94 பதிவை இணையத்தில் பார்த்துச் சேமியுங்கள். மற்றவர்கள் இ-விசாக் கணக்கையோ அரசுச் செயலியையோ திறந்து, உள்ளே வந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி வாயிலில் ஸ்டாம்ப் கிடையாது, அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வையுங்கள்.

கிளம்பிய தேதி, வந்த தேதி, நாடு, விமான எண் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தையும் தேதியோடு கேட்கும். கனடாவில் 5 ஆண்டில் 1,095 நாள் உள்ளே இருந்ததைக் காட்ட வேண்டும். பிரிட்டனில் நிரந்தர அனுமதிக்குப் பல வகைகளில் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஐந்து வருடப் பயணத்தைப் பழைய மின்னஞ்சல்களில் தேடி எடுப்பது பெரும்பாடு. வந்திறங்கிய அன்றே எழுதினால் இரண்டு நிமிடம்.